முப்பது ஆழம் பார்த்த போனும் ஒரு சருகுமானும்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் ராசாவாக இருந்தது. ஏன் சிங்கம்தான் ராசா என்று கேட்காதீர்கள். அங்கே தேர்தல் நடந்ததாக எனக்குத் தகவல் இல்லை.

அந்தக் காட்டுக்கும் ஓடைக்கு அக்கரையில் இருந்த புலியின் காட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மடு இருந்தது. சித்திரை பிறந்தால் மற்ற நீர்நிலைகள் வறண்டுவிடும். மடுவில் மட்டும் தண்ணீர் நிற்கும். முன்பெல்லாம் அதற்காக இரண்டு காடும் பல்லாலும் நகத்தாலும் அடித்துக்கொண்டன. அந்தச் சண்டையில் ராசாக்களுக்கே காயம் பட ஆரம்பித்ததும், சண்டை என்பது காட்டுமிராண்டித்தனம் என்று இரண்டு ராசாக்களும் ஒரே நாளில் உணர்ந்தார்கள். இனி வருஷத்துக்கு ஒரு தடவை, பங்குனிக் கடைசியில், சதுரங்கம் ஆடுவது, ஜெயித்த காட்டுக்கு அடுத்த மழை வரை மடு சொந்தம் என்று ஒப்பந்தம் ஆயிற்று.

காய்களுக்கு எங்கே போவது? மிருகங்களையே நிறுத்தினார்கள். ஓடைக்கரைப் பாறையில் அறுபத்துநான்கு கட்டம் கீறினார்கள். சிங்கம் ராசா. அவர் மனைவி ராணி. யானை இடத்தில் யானை. அந்தக் காட்டில் குதிரை கிடையாது, ஆகவே குதிரை இடத்தில் கடமான். மந்திரி இடத்தில் நிஜ மந்திரியான நரி நாவரசு. அது குறுக்காகவே போகும் காய் என்பதால் அவருக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. இன்னொரு மந்திரி இடம் அவருடைய மச்சானுக்கு. முன்வரிசையில் எட்டுச் சிப்பாய்கள்: முயல், கீரி, அணில் என்று எல்லாம் சில்லறை உருப்படிகள்.

வெட்டுப்பட்ட காய் அக்கரைக்குச் சொந்தம். பெரிய உருப்படி கிடைத்தால் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் விருந்துக்கு வைத்துக்கொள்வார்கள். சிப்பாய்களை அன்றைக்கே தின்றுவிடுவார்கள். ஒரு வேளைக்குச் சரியாக இருக்கும்.

இந்த வருஷம் ஓரக் கட்டத்துச் சிப்பாயாக அஞ்சலை என்ற சருகுமானின் பெயர் வந்தது. அஞ்சலை முயலைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். அவளுடைய பயம் மட்டும் யானை அளவு. அதற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் அதே கட்டத்தில் நின்றவள் அவள் அக்கா. மூன்றாவது நகர்த்தலிலேயே அக்கா போய்விட்டாள். பாறைக்கு வெளியே நின்று அதைக் கண்ணால் பார்த்தவள் அஞ்சலை. ரேஷன் அட்டை வரிசைப்படி ஆள் எடுப்பதாகச் சொன்னார்கள். அந்த வரிசையில் சிப்பாய் வேலைக்கு ஒரு நரியின் பெயரும் ஏன் வருவதில்லை என்று யாரும் கேட்கவில்லை.

அக்கா போனதற்கு யானை பெரியதம்பியும் ஒரு காரணம். எந்தக் காயை எங்கே நகர்த்துவது என்று முடிவு செய்யும் பொறுப்பு மூன்று வருஷமாக அவரிடம்தான் இருந்தது. பெரியதம்பி நிதானஸ்தர். நாம் இப்படிப் போனால் அவன் அப்படி வருவான், அவன் அப்படி வந்தால் நாம் இப்படி என்று எல்லா வழியையும் தும்பிக்கையால் மண்ணில் கோடு கிழித்துப் பார்ப்பார். ஒரு நகர்த்தலுக்கு ஓட்டைக் குடத்தில் தண்ணீர் வடியும் நேரம்தான் கெடு. குடம் காலியாகிற நேரத்தில் பதறிப்போய், பக்கத்தில் நிற்கிற காயைத் தள்ளிவிடுவார். அவருக்குப் பக்கத்தில் நிற்பது ஓரச் சிப்பாய். அக்கரைக்கு ஆட்டத்தை நடத்தியவர் கரடி தேனப்பன். அவர் பிடரியைச் சொறிவார், ஒரு காயை நகர்த்துவார், மறுபடி சொறிவார். மூன்று வருஷமும் அவரே ஜெயித்தார். மூன்று கோடை இக்கரை நாக்கு வறண்டு கிடந்தது.

அப்போதுதான் நரி நாவரசு ஒரு யோசனையோடு சபைக்கு வந்தார்.

"ராசா, உலகம் எங்கேயோ போயிட்டுது. நாம இன்னும் யானையை வெச்சு யோசிச்சிட்டிருக்கோம்."

சுற்றுலா வந்தவர்கள் தவறவிட்ட போன் ஒன்று மரங்கொத்தி சூடாமணியிடம் இருந்தது. காவல் கோபுரத்துச் சோலார் பலகையில் அதற்குச் சார்ஜ் போட்டுக்கொண்டு, மூக்கால் தட்டித் தட்டி, சதுரங்கம் ஆடும் புரோகிராம் ஒன்றை அவர் அதில் எழுதி வைத்திருந்தார். நரி அவரைச் சபையில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"ராசா, ஒரு நேரத்துல நமக்குச் சுமாரா முப்பது நகர்த்தல் இருக்கு" என்று சூடாமணி ஆரம்பித்தார். "ஒவ்வொண்ணுக்கும் கரடிக்கு முப்பது பதில். அது ஒவ்வொண்ணுக்கும் மறுபடி நமக்கு முப்பது. இப்படி நாலு தட்டு எறங்கினா எட்டு லட்சம் வழி. எட்டுத் தட்டு எறங்கினா அறுபத்தஞ்சாயிரம் கோடி."

கோடி என்ற சொல்லைக் கேட்டதும் சபை மரியாதையாக எழுந்து நின்றது.

"அத்தனையும் உன் போன் பார்க்குமா?" என்றார் சிங்கம்.

"பார்க்காது ராசா. அங்கதான் விஷயம். முக்காவாசியைப் பார்க்காமலே கழிச்சுக் கட்டிடும். நாம ஒரு நகர்த்தலை யோசிக்கிறோம். அதுக்குக் கரடிகிட்ட ஒரு பலமான அடி இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. இன்னும் எத்தனை அடி வெச்சிருக்கார்னு எதுக்கு எண்ணணும்? மாப்பிள்ளை சூதாடின்னு தெரிஞ்சதும் எழுந்து வந்துடறோம். குடிப்பானான்னும் விசாரிச்சிட்டா வர்றோம்?"

"எங்க வீட்டுல ரெண்டையுமே விசாரிக்கல" என்றாள் ராணி.

சிங்கம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "கழிச்சா பதில் தப்பாயிடாதா?"

"ஆகாது ராசா. எல்லாத்தையும் பார்த்தா என்ன பதில் வருமோ அதேதான் வரும். நேரம் மிச்சம். மிச்சமான நேரத்துல இன்னும் கீழ எறங்கிப் பார்க்கலாம். அதுக்குத்தான் ஆழம்னு பேரு. இப்போ நம்ம போன் எட்டு ஆழம் பார்க்குது."

ராசாவுக்கு ஆழம் பிடித்துப்போயிற்று; இந்த வருஷம் நகர்த்தலைப் போனே சொல்லட்டும் என்றார். நரிக்குக் கழிப்பது பிடித்துப்போயிற்று. மறுநாளே ஆணை வந்தது: அரசுக்கு வருகிற எந்தத் தாளிலும் முதல் குறை கண்ட இடத்தோடு வாசிப்பதை நிறுத்திவிடலாம். மனுப் பிரிவில் அதுவரை நாளைக்கு நாற்பது மனுவைத் தள்ளுபடி செய்துகொண்டிருந்த கொக்கு, அந்த வாரமே நாளைக்கு நானூறு தள்ளுபடி செய்து சிறந்த ஊழியர் விருது வாங்கிற்று.

ஒரு மத்தியானம் நரி நாவரசு மரங்கொத்தியின் பொந்துக்குக் கீழே வந்து நின்றார்.

"சூடாமணி, ஒரு சின்ன உதவி. நான் வெட்டுப்படுற வழியெல்லாம்கூட அந்தப் போன் பார்க்கும்ல?"

"பார்க்குமே ஐயா. பார்த்தாத்தானே உங்களைக் காப்பாத்தும்."

"அது வேண்டாம். ஒரு மந்திரி வெட்டுப்படுறான்னு ஒரு மெஷின் நினைச்சுப் பார்க்கிறதே மரியாதையா இல்ல. அந்த வழியை எல்லாம் கழிச்சுடு."

"ஐயா, அது கணக்குப் போட்டுப் பார்த்துக் கழிக்குது. நீங்க பார்க்காமலே கழிக்கச் சொல்றீங்க. ரெண்டும் வேற வேற."

"உன் பொந்துக்குப் பட்டா இருக்கா?"

சூடாமணி கழித்தார். போனில் விலக்குப் பட்டியல் என்று ஒன்றைத் திறந்து, நாவரசு வெட்டுப்படும் வழி எதையும் பார்க்காதே என்று எழுதினார். எழுதி முடித்ததும் ஒரு வேடிக்கை நடந்தது. பார்க்கவேண்டிய வழிகள் குறைந்ததால் போன் அதே நேரத்தில் இன்னும் கீழே இறங்கிற்று. எட்டாக இருந்த ஆழம் பதினொன்று ஆயிற்று.

நரி இதை ரகசியமாக வைத்துக்கொள்ளத்தான் நினைத்தார். ஆனால் ஆழம் கூடியதைப் பற்றிப் பெருமை அடிக்காமல் இருக்க அவரால் முடியவில்லை. காரணத்தைப் பெரியதம்பி மோப்பம் பிடித்துவிட்டார். "மந்திரிக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?" என்று அவர் பொந்து இருந்த மரத்தையே உலுக்க, அவர் பெயரும் சேர்ந்தது. ஆழம் பதினாலு. பிறகு இன்னொரு யானையும் கடமான்களும் வந்தன. நரியின் மச்சான் வந்தான். ராணி வரவில்லை. ஆனால் அவளுக்குக் கோபம் வரக்கூடாதே என்று நரியே அவள் பெயரையும் எழுதிவைத்தார். ஆழம் இருபத்திரண்டு. கடைசியில், ராசா தோற்பதாக ஒரு மெஷின் கற்பனை செய்வது ராஜத்துரோகம் என்று சபை தீர்மானம் போட்டது. அந்த வழியும் கழிந்தது.

ஆழம் முப்பது ஆயிற்று. காடு முழுக்கக் கொண்டாட்டம். முப்பது என்று மரத்துக்கு மரம் எழுதி வைத்தார்கள். ஆழம் என்றால் என்னவென்று தெரியாத கழுதைகூட, "முப்பதுன்னா சும்மாவா?" என்று சொல்லித் திரிந்தது.

சூடாமணி மட்டும் கொண்டாடப் போகவில்லை. ஒரு குறிப்பு எழுதினார். அதன் மூன்றாவது வரியில், பட்டியலில் உள்ளவர்களுக்கு நிஜமாகவே ஆபத்து வந்தால் போனுக்குத் தெரியாது, எதிரி அவர்களை வெட்டமாட்டான் என்று நம்பி அவர்களை எங்கே வேண்டுமானாலும் அனுப்பும் என்று தெளிவாக எழுதியிருந்தார். ஆனால் முதல் வரியில் நாவரசு பெயருக்கு முன்னால் மாண்புமிகு போட மறந்துவிட்டார். குறை கண்ட இடத்தோடு வாசிப்பு நின்றது.

விலக்குப் பட்டியல் பற்றி அஞ்சலை காதுக்கும் செய்தி வந்தது. அதில் பெயர் இருந்தால் சாவு வராது என்றார்கள். அவள் விடியற்காலையிலேயே போய் மனுப் பிரிவு வரிசையில் நின்றாள். முன்னால் முந்நூறு பேர். உச்சி வெயிலில் அவள் முறை வந்தது. கொக்கு ஒற்றைக் காலில் நின்றபடி படிவம் பதினேழை வாங்கிப் பார்த்தது.

"இடது முன்னங்கால் குளம்பு ரேகை கேட்டிருக்கு. நீ வலதைப் பதிச்சிருக்க."

"அய்யா, மாத்திப் பதிச்சுத் தர்றேன். கொஞ்சம் கீழ படிங்க. என் அக்கா போன வருஷம்..."

"கீழ படிக்க எனக்கு அதிகாரம் இல்ல. அடுத்தவங்க வாங்க."

அஞ்சலை வெளியே வந்து ஒரு புதருக்குள் போய் அழுதாள். பெரியவர்கள் எல்லாரும் தப்பித்துவிட்டார்கள், தான் மட்டும் சாகப்போகிறோம் என்று நினைத்து நினைத்து அழுதாள். அழுது முடித்து மறுபடி வரிசைக்கு வந்தபோது மனுப் பிரிவு சாத்தியிருந்தது. இனி அடுத்த மனு ஆட்டத்துக்குப் பிறகுதான் என்று பலகை தொங்கிற்று.

பங்குனிக் கடைசி நாள் வந்தது. பாறையைச் சுற்றி இரண்டு காடும் கூடின. அஞ்சலை ஓரக் கட்டத்தில் போய் நின்றாள். எதிரே அதே நேர்கோட்டில், அக்கரையின் யானை இடத்தில், ஒரு காட்டெருமை அவளைப் பார்த்து அசை போட்டது. சூடாமணி போனோடு ஒரு மரக்கிளையில் உட்கார்ந்து, அது சொல்வதைச் சத்தமாகப் படித்தார். முதல் இரண்டு நகர்த்தலும் ஒழுங்காகப் போயின.

மூன்றாவது நகர்த்தலைச் சூடாமணி இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் படித்தார். "மந்திரி நாவரசு ஐயா, ஆறாவது வரிசைக்குப் போகணுமாம். காட்டுப்பூனைக்குப் பக்கத்துக் குறுக்குக் கட்டம்."

நரி நகரவில்லை. காட்டுப்பூனை அக்கரைச் சிப்பாய். குறுக்காக வெட்டுவதுதான் சிப்பாயின் வேலை. "டேய், அங்க போனா அது என்னை வெட்டுமேடா?"

"வெட்டாதுன்னு சொல்லுது ஐயா. முப்பது ஆழம் வரைக்கும் உங்களுக்கு ஒண்ணும் ஆகலையாம்."

கூட்டம் "முப்பது! முப்பது!" என்று கத்திற்று. கத்தக் கற்றுக்கொடுத்ததே நரிதான். வேறு வழியில்லாமல் போய் நின்றார். கரடி தேனப்பன் பிடரியைச் சொறிந்தார். காட்டுப்பூனை ஒரு எட்டு வைத்து நரியின் கழுத்தைக் கவ்விற்று.

"நான் விலக்கு வாங்கினவன்! பட்டியலைப் பாருங்க! முதல் பேரே என்னோடதுதான்!" என்று நரி அலறினார்.

"எங்ககிட்ட அந்தப் பட்டியல் இல்லீங்களே" என்று பணிவாகச் சொல்லிவிட்டுக் காட்டுப்பூனை அவரை இழுத்துப் போயிற்று. அன்றைக்கு அக்கரையில் நரி விருந்து. சாப்பிட்டவர்களுக்கெல்லாம் மூன்று நாள் வயிற்றுவலி என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பட்டியலின் சங்கதி பெரியதம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. "சூடாமணி, என் பேரை எடுத்துடுப்பா! உடனே எடு!"

"ஆட்டம் ஆரம்பிச்ச பிறகு போன்ல கை வைக்கக் கூடாதுங்க. நாவரசு ஐயா போட்ட விதி."

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பெரிய மனிதர்கள் விஷயம். போனைப் பொறுத்தவரை யானைக்குச் சாவில்லை, கடமானுக்குச் சாவில்லை, மச்சானுக்குச் சாவில்லை. இந்த உலகத்தில் சாகக்கூடியவர்கள் எட்டே எட்டுச் சிப்பாய்கள்தான். நஷ்டம் என்று ஒன்று வந்தால் அவர்களால்தான் வரும். ஆகவே அந்த எட்டுப் பேரையும் அது கண்ணை இமை காப்பதுபோலக் காத்தது. அணிலை ஒருவன் முறைத்தால் குறுக்கே கடமானை நிறுத்திற்று. கீரிக்கு ஆபத்து என்றால் மச்சானை அனுப்பிற்று. காட்டெருமை அஞ்சலையை நோக்கிக் கொம்பைத் தாழ்த்தியபோது, பெரியதம்பியையே சுற்றிவளைத்துக் கொண்டுவந்து அவளுக்கு முன்னால் நிறுத்திற்று.

அஞ்சலைக்கு ஒன்றும் புரியவில்லை. தன்னைத் தின்னத்தான் இவ்வளவு பெரிய ஆட்கள் சுற்றி நிற்கிறார்களோ என்றுகூடப் பயந்தாள்.

பெரியதம்பி கண்ணீரோடு திரும்பிப் பார்த்தார். "தாயி, உண்மையைச் சொல்லு. உன்னை எதுக்கு இது இப்படிக் காப்பாத்துது? யாருக்கு என்ன குடுத்த?"

"குடுக்க என்கிட்ட என்ன இருக்குண்ணே? என் படிவத்தைக்கூட வாங்கலையே."

அடுத்த நகர்த்தலில் காட்டெருமை பெரியதம்பியை வெட்டிற்று. அவரைத் தின்று தீர்க்க முடியாது என்று மரம் இழுக்கிற வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். தேனப்பனுக்கும் ஆசை விடவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் யானையும் கடமானும் வந்து வந்து நிற்கும்போது சருகுமானை யார் பார்ப்பார்கள்? அவர் பெரியவர்களாகப் பொறுக்கிக்கொண்டே இருந்தார். அஞ்சலை ஒவ்வொரு கட்டமாக முன்னால் போய்க்கொண்டே இருந்தாள்.

ராணியின் முறை வந்தது. அக்கரை ராணியான சிறுத்தைக்கு நேர் எதிரே போய் நிற்கச் சொல்லிற்று போன்.

"அவ என்னை வெட்டுவா" என்றாள் ராணி.

"முப்பது ஆழம் பார்த்திருக்கு. தைரியமா போ" என்றார் சிங்கம்.

"அவ்வளவு தைரியம் இருந்தா நீ போய்யா." ராணி பாறையை விட்டு இறங்கி, திரும்பிப் பார்க்காமல் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். வெளியேறிய காய் வெட்டுப்பட்ட காய் என்று விதி. அவளை யாரும் அக்கரைக்குக் கூப்பிடத் துணியவில்லை.

இத்தனை ஆன பிறகும் போனில் ஒரு சிவப்பு விளக்குக்கூட எரியவில்லை. நிலைமை சாதகம் என்றே காட்டிற்று. ராசா தோற்க முடியாது என்று அதற்கு ஏற்கெனவே சொல்லியாயிற்று அல்லவா? ஆகவே மிச்சமிருந்த ஒரே பெரிய காயான ராசாவையும் அது நட்ட நடுப் பாறைக்கு அழைத்து வந்து சிப்பாய்களுக்குக் காவல் நிறுத்திற்று. முயலுக்கு இடப்பக்கம் ஒரு நேரம், அணிலுக்கு வலப்பக்கம் ஒரு நேரம் என்று சிங்கம் மாறி மாறி நின்றார்.

"சூடாமணி, நிஜமா சொல்லு. முப்பது ஆழத்துலயும் நான் தோற்கல இல்ல?"

"ஒரு இடத்துலகூடத் தோற்கல ராசா."

சிங்கம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். நான் பல ராசாக்களைப் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு பதில் கிடைத்தால் அவர்களுக்கு வேறு எதுவும் வேண்டியதில்லை.

அஞ்சலை ஏழாவது வரிசைக்கு வந்து சேர்ந்தாள். காட்டெருமை இப்போது அவளுக்குப் பக்கவாட்டில், அதே வரிசையில். நடுவில் யாரும் இல்லை. அடுத்த நகர்த்தலில் அவளை வெட்டலாம். அதே சமயம் சிறுத்தை இன்னும் ஒரு எட்டு வைத்தால் சிங்கத்துக்கு மேட். பாறையைச் சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் இது தெரிந்தது. ராசா ஒரு கட்டம் பின்னால் போனால் அவர் பிழைப்பார், அஞ்சலை சாவாள். அஞ்சலை முன்னால் போனால் அவள் பிழைப்பாள், ராசா போவார். குடத்தில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

அஞ்சலை கண்ணை மூடிக்கொண்டாள். ராசாவையும் தன்னையும் தராசில் வைத்தால் முள் எந்தப் பக்கம் சாயும் என்று அவளுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். அக்காவை நினைத்துக்கொண்டு, எருமையின் மூச்சு விலாவில் படும் என்று காத்து நின்றாள்.

"அஞ்சலை, ஒரு கட்டம் முன்னால" என்று சூடாமணி படித்தார்.

போன் பார்த்த உலகத்தில் ஆபத்து ஒன்றே ஒன்றுதான், அது அஞ்சலைக்கு. அவள் கண்ணைத் திறந்தாள், எட்டாவது வரிசையில் குதித்து விழுந்தாள். கடைசி வரிசையைத் தொட்ட சிப்பாய் ராணி ஆகும் என்பது சதுரங்க விதி. இக்கரைச் சின்ன உருப்படிகள் ஓவென்று கத்தின. சிறுத்தை சோம்பல் முறித்து ஒரு எட்டு வைத்தது.

"செக். மேட்" என்றார் தேனப்பன்.

"அதெப்படி? போன் சொல்லலையே!" என்றார் சிங்கம்.

தோற்ற ராசா அக்கரைக்குப் போகவேண்டும் என்று இந்த வருஷம்தான் ஒப்பந்தத்தில் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். தான் தோற்கவே மாட்டோம் என்ற தைரியத்தில் அதை எழுதச் சொன்னவரே அவர்தான். சிங்கக் கறி புலிக்கு ஒத்துக்கொள்ளாது. மடுவில் தண்ணீர் குடிக்க வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுக்கிற வேலையில் அவரை வைத்தார்கள். இப்போதும் போனால் பார்க்கலாம். நம்பரை நன்றாகவே கர்ஜிக்கிறார்.

இக்கரையில் பெரிய தலை ஒன்றும் மிச்சமில்லை. எட்டுச் சிப்பாய்களும் உயிரோடு இருந்தார்கள். அதில் ஒருத்தி விதிப்படி ராணி. இருக்கிறவர்களில் பெரிய பதவி அதுதான் என்பதால், காடு அஞ்சலையிடம் வந்து சேர்ந்தது. முதல் வாரம் முழுக்க அவளுக்கு எருமைப் பயம் விடவில்லை. மடு கையைவிட்டுப் போயிருந்தது. ஓடை மணலைத் தோண்டித் தோண்டிக் குடித்தார்கள். யானை இல்லாததால் கொஞ்சம் தாங்கிற்று. ஆனாலும் வைகாசி வந்தபோது முயல் குட்டிகள் இரண்டு சுருண்டு விழுந்தன. அஞ்சலை அவற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இப்போது அவளைப் பயமுறுத்தியது எருமை இல்லை, இந்தக் குட்டிகளின் உலர்ந்த வாய்தான்.

அந்த நேரத்தில் அக்கரையிலிருந்து புலியின் மந்திரியான கழுதைப்புலி தூது வந்தது.

"அம்மா, எங்க ராசாவுக்கு ஒரு மனக்குறை. நாங்க ஜெயிச்சோம். ஆனா போன் இல்லாம ஜெயிச்சோம். மத்த காட்டுக்காரங்க எங்களைப் பட்டிக்காட்டான்னு சிரிக்கிறாங்க. கரடி வேற கூலியா இன்னும் பத்து தேன்கூடு கேக்கிறார். நீங்க தோத்தாலும் முப்பது ஆழம் பார்த்துத் தோத்தீங்க. அந்த கௌரவம் எங்களுக்கு இல்லையே."

"போன் வேணுமா?"

"குடுத்தா இன்னைக்கே பாதி மடு உங்களுக்கு."

அஞ்சலை முயல் குட்டிகளைப் பார்த்தாள். "எடுத்துக்கங்க" என்றாள்.

கழுதைப்புலி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திற்று. "இன்னொரு விஷயம். அதுல பெரியவங்க பேரை மட்டும் தனியா எழுதி வைக்கிற வசதி ஒண்ணு இருக்காமே? அதுல இருந்தா போன் அவங்களை வெட்டுப்படவே விடாதாமே? எங்க ராசா, நான், சிறுத்தையம்மா, காட்டெருமை, எல்லாருக்கும் ஒரு ஆசை."

சூடாமணி வாயைத் திறக்கப் போனார். அவர் நேர்மையான பறவை. அஞ்சலை அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். அக்காவை இழுத்துப்போனது அந்தக் காட்டெருமைதான் என்பது அவளுக்கு மறக்கவில்லை. அவளுக்குப் பயம் போய்க் கோபம் வந்திருந்தது. சருகுமானுக்குக் கோபம் வந்தால் வெளியே தெரியாது என்பது ஒரு வசதி.

"அதுக்கென்ன, தாராளமா" என்றாள். "படிவம் வேண்டாம். வரிசையில நிக்க வேண்டாம். பேரைச் சொல்லுங்க, இப்பவே எழுதச் சொல்றேன். புலியார் பேருதான் முதல்ல."

கழுதைப்புலிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விழுந்து விழுந்து சிரித்தது. சூடாமணி டொக் டொக்கென்று ஒவ்வொரு பெயராக எழுதினார்.

"உங்க சிப்பாய்ங்க பேரு?" என்று அஞ்சலை கேட்டாள்.

"அதுகளுக்கு எதுக்கும்மா விலக்கெல்லாம்?"

"சரி, அதுக வேண்டாம்" என்றாள் அஞ்சலை. போனைத் துடைத்து, ஒரு தேக்கிலையில் வைத்து, இரண்டு குளம்பாலும் மரியாதையாகக் கொடுத்தாள்.

நீதி: எதிரியை அடியோடு ஒழிக்க வேண்டுமானால் அவனோடு சண்டைக்குப் போகாதே. அவனுக்கு எல்லாவற்றிலிருந்தும் விலக்கு வாங்கிக் கொடு.